ஆறு நிமிட உரையும் ஐம்பத்தாறு ஆண்டுகளும்

தமிழ்ப் புறப்பாடல்களில் ‘பரிசில் கடாநிலை’ என்றொரு துறை உண்டு. கொடுக்கும் நிலையில் இருப்பவன் முன் நின்று, தன் தேவையையும் தகுதியையும் ஒருங்கே உணர்த்திப் பொருள் வேண்டுவது அத்துறையின் இலக்கணம். கேட்பது எவர்க்கும் இயலும். கேட்கும்போது தாழாமல் நிற்பது சிலர்க்கே இயலும். தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். கொடுப்பவன் தம்மைக் காணவும் தம் புலமையை அறியவும் வேண்டும் என்று அவர் எண்ணினார். பொருள் அதன் பின்னரே.

இத்துறையை மனத்தில் கொண்டு அமெரிக்க நாட்டின் மேலவையான செனட் சபைக் குழுவொன்றின் முன் 1969 மே 1 அன்று ஆற்றப்பெற்ற ஓர் உரையை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். பேசியவர் பிரெட் ராஜர்ஸ். கேட்டது பொதுத் தொலைக்காட்சிக்கான அரசு நிதி. பேசிய நேரம் ஏறத்தாழ ஆறு நிமிடம். படச்சுருளில் பதிவாகியிருப்பதால் அதனை இன்றும் கண்டும் கேட்டும் மகிழ்வோர் பலர். பொது ஒலிபரப்புக்கு நெருக்கடி நேர்ந்த போதெல்லாம் அந்நாட்டு மக்களைத் திரட்ட விழைந்தோர் இவ்வுரையையே முன்மாதிரியாகக் காட்டி வந்துள்ளனர். ஆயினும் 2025ஆம் ஆண்டில் அதே வழக்கில் அவர்கள் தோற்றனர். முதற் குரல் ஏன் வென்றது, பின்வந்த குரல்கள் ஏன் வலுவிழந்தன என்ற இரு வினாக்களுக்கும் விடை காண்பதே நம் நோக்கம்.

ஏற்கப்படாத ஒரு பரிந்துரை

அமெரிக்காவில் வானொலியும் தொலைக்காட்சியும் வணிகர் கையில் வளர்ந்தவை. வானொலியை அரசின் நிறுவனமாகவே அறிந்து பழகிய நமக்கு இது சற்று வியப்பூட்டும் செய்தி. விளம்பரதாரர் பணம் தருவார். எத்தனை இலட்சம் பேர் பார்த்தனர் என்பதே நிகழ்ச்சியின் மதிப்பாகும். கல்வியை நோக்கமாகக் கொண்ட சிறு நிலையங்கள் பல்கலைக்கழகங்களின் ஆதரவிலும் அறக்கட்டளைகளின் கொடையிலும் ஒருவாறு உயிர் பிழைத்து வந்தன.

1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கார்னகி ஆணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. வணிக நோக்கமற்ற தொலைக்காட்சி நாட்டுக்குத் தேவை என்றும், அதனைத் தாங்க ஒரு தனிக் கழகம் அமைக்கப்பட வேண்டும் என்றும் அது கூறியது. அத்தோடு நில்லாமல், தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது ஒரு வரி விதித்து, அப்பணத்தைத் தனி நிதியமாகக் காக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அவ்வாறு செய்தால் நிலையங்கள் ஆண்டுதோறும் ஆட்சியாளரின் முகக்குறிப்பைப் பார்த்து நிற்க நேராது என்பது அறிஞர்களின் கணிப்பு.

அவ்வாண்டு நவம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பொது ஒலிபரப்புக் கழகம் பிறந்தது. அரசு தரும் பணத்தைப் பெற்று நிலையங்களுக்குப் பகிர்ந்தளிப்பது அதன் பணி. எதை ஒலிபரப்ப வேண்டும், எதை விலக்க வேண்டும் என அரசு கட்டளையிடலாகாது என்று சட்டமே தடை விதித்தது. பணம் தருபவருக்கும் பேசுபவருக்கும் இடையே ஒரு சுவரை எழுப்பும் நல்ல ஏற்பாடு இது. கழகத்தின் தோற்றத்தை அடுத்து 1969இல் பி.பி.எஸ். என்னும் பொதுத் தொலைக்காட்சி அமைப்பும், 1970இல் என்.பி.ஆர். என்னும் தேசியப் பொது வானொலியும் உருவாயின. ஆனால் ஆணைக்குழு பரிந்துரைத்த வரி மட்டும் ஏற்கப்படவில்லை. கழகத்துக்குரிய பணத்தைச் சட்டமன்றமே அவ்வப்போது ஒதுக்கும் எனத் தீர்மானமாயிற்று. இந்த ஒரு விடுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். பின்னர் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி இதிலிருந்தே கிளைத்தது.

உரையின் அமைப்பு

சட்டம் பிறந்து இரண்டாண்டு நிறையுமுன்னரே நிதிக்குச் சோதனை வந்தது. புதிய குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனின் ஆட்சியில், வியட்நாம் போர்ச் செலவு கழுத்தை நெரித்த வேளையில், பொது ஒலிபரப்புக்கென எதிர்பார்க்கப்பட்ட 2 கோடி டாலர் குறைக்கப்படும் நிலை தோன்றியது. செய்தித் தொடர்புத் துறைக்கான செனட் துணைக்குழுவின் தலைவர் ரோட் தீவு மாநிலத்தின் ஜான் பாஸ்டோர். இத்தாலியக் குடியேறிகளின் மரபில் வந்து செனட் சபையில் அமர்ந்த முதல்வர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கும் சாட்சிகளைக் கேட்டு அவர் சலிப்புற்றிருந்தார் என்பது பதிவிலேயே தெரிகிறது.

ராஜர்ஸ் பிட்ஸ்பர்க் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவர். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் குருவானவர். அவர் கையிலும் எழுதிய தாள் இருந்தது. அதனைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும் என்றும், குழந்தை தன் குடும்பத்தில் முதற்கண் கற்பது நம்பிக்கை என்பதால், தாளைப் பின்னர் படிப்பதாகத் தலைவர் தந்த சொல்லைத் தாம் நம்புவதாகவும் கூறி, அதனை ஒதுக்கி வைத்தார். படித்தால்தான் மனநிறைவு என்றால் படிக்கலாமே எனத் தலைவர் சற்றே எள்ளலாகக் கேட்டார். அதில் சினம் கொள்ளாமல், தாம் பேச விரும்புவதாக மட்டும் விடையிறுத்தார் ராஜர்ஸ். சலித்திருந்த தலைவரின் மனம் மாறத் தொடங்கும் இடம் இதுவே எனக் கருதுகிறோம். கேட்பவரின் சொல்லை நம்புவதாக அறிவித்த பின், கேட்பவர் அந்நம்பிக்கைக்குத் தக நடந்துகொள்ளக் கடமைப்பட்டவராகிறார்.

அடுத்து அவர் எண்களைப் பேசினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தம் முதல் நிகழ்ச்சி 30 டாலரில் நடைபெற்றது என்றார். இப்போது ஒரு நிகழ்ச்சிக்கு 6,000 டாலர் ஆகிறது. அத்தொகை கேலிச்சித்திரப் படத்தில் இரண்டு நிமிடத்துக்கும் போதாது என்றார். இரண்டே எண்களில் வணிகத் தொலைக்காட்சியின் செலவும், தம் பணியின் சிக்கனமும் கேட்போர் கண்முன் வந்தன. கோடிகளையும் விழுக்காடுகளையும் அவர் குவிக்கவில்லை.

பின்னர் தாம் என்ன செய்கிறார் என்பதை விளக்கினார். ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தித்தான் நாடகம் ஆக்க வேண்டும் என்பதில்லை. தலைமுடி வெட்டிக்கொள்ளச் செல்லும் குழந்தையின் அச்சமும், உடன்பிறந்தாரிடையே எழும் பூசலும் போதிய நாடகம் உடையவையே என்றார். உணர்வுகளைச் சொல்லவும் இயலும், ஆளவும் இயலும் எனக் குழந்தைக்கு உணர்த்திவிட்டால், அது மனநலத்துக்குச் செய்யும் பெருந்தொண்டு என்றார். இறுதியாக, சினம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு குழந்தை கேட்டதிலிருந்து பிறந்த தம் பாடலின் சொற்களை, இசையின்றி, பேச்சாகவே சொல்லிக் காட்டினார். தீங்கு செய்ய எண்ணிய கணத்திலும் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் தன்னுள் உண்டு என அறிவதன் மகிழ்ச்சி அப்பாடலின் பொருள். பாஸ்டோர், தமக்கு மெய்சிலிர்த்தது என்றும், அந்த 2 கோடி டாலரையும் ராஜர்ஸ் ஈட்டிவிட்டார் போலும் என்றும் கூறினார்.

இவ்வுரையின் நயத்தை ஒரே தொடரில் கூற வேண்டுமானால், அவர் நிறுவனத்தைப் புகழவில்லை. பணியையே அவையின் முன் நிகழ்த்திக் காட்டினார் எனலாம். நிகழ்ச்சியைப் பார்த்திராத செனட்டர் அவ்வாறு நிமிடத்தில் அதனைப் பார்த்துவிட்டார். தம்மைக் காணாமல் ஈந்த பொருள் வேண்டாம் என்ற நம் புலவரின் மனநிலைக்கு மிக அருகில் நிற்கிறது இது. பேச்சிலும் செயலிலும் இடைவெளி இல்லை என்பதற்கும் சான்று உண்டு. அவ்வுரைக்கு எட்டு நாள் கழித்து, 1969 மே 9 அன்று ஒளிபரப்பான தம் நிகழ்ச்சியில், கறுப்பினப் பாடகர் பிரான்சுவா கிளெமன்ஸ் ஏற்ற காவலர் பாத்திரத்தை அழைத்து, ஒரே சிறு நீர்த்தொட்டியில் இருவரும் கால் நனைத்தனர். கறுப்பின மக்களுக்கு நீச்சல் குளங்கள் மறுக்கப்பட்டதை மறவாத காலம் அது. இதற்கு விளம்பரதாரரின் இசைவை அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

புனைவு மறைத்தவை

ஆனால் திறனாய்வின் கடமை போற்றுவதோடு முடிவதில்லை. ராஜர்ஸின் ஆறு நிமிடமே பொதுத் தொலைக்காட்சியைக் காத்தது என்ற கதை, மக்கள் வாயில் புழங்கிப் புழங்கிப் புராணமாகிவிட்டது. உண்மை அத்துணை எளிதன்று.

முதலாவது, பாஸ்டோர் பகைவர் அல்லர். 1967ஆம் ஆண்டின் சட்டம் செனட் சபையில் நிறைவேற உழைத்தவரே அவர். கனிந்த மனத்தைத்தான் ராஜர்ஸ் மேலும் கனிவித்தார். இரண்டாவது, அத்துணைக்குழு நிதிக்கு அனுமதி வழங்கும் குழு. பணத்தை ஒதுக்குவது வேறு குழுவின் அதிகாரம். ‘ஈட்டிவிட்டார்’ எனப்பட்ட 2 கோடி, 1970 நிதியாண்டில் ஒன்றரைக் கோடியாகவே வந்து சேர்ந்தது. மூன்றாவது, மூன்றே ஆண்டுகளில், 1972 ஜூன் 30 அன்று, நிக்சன் பொது ஒலிபரப்பு நிதி மசோதாவைத் தம் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். ஓர் அவையில் விழுந்த மெய்சிலிர்ப்பு அடுத்த அவைக்குத் தொடரவில்லை.

1975இல் சட்டமன்றம் பல ஆண்டுகளுக்கான நிதியை முன்கூட்டியே ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. பேச்சாற்றலைவிட நிலையங்களை நெடுங்காலம் காத்தது இந்த ஏற்பாடே. ஆயினும் அதைப் பாடுவோர் இல்லை; ஆறு நிமிட உரையைப் பாடுவோரே மிகுதி. மக்களைத் திரட்டும் எழுத்துகளில் நாம் காணும் முதற் குறை இதுவே. இதயத்தை உருக்கும் பேச்சு ஒன்று கிடைத்தால் போதும் என்ற மயக்கத்தை அவை வளர்த்தன. கார்னகி ஆணைக்குழு கேட்ட நிலையான நிதியத்துக்காக மக்கள் எழுந்ததாகக் காணோம். ஒவ்வொரு வெட்டுக்கும் எதிராக ஒவ்வொரு முறை எழுந்து, வெற்றி கண்டபின் உறங்கச் சென்றனர்.

பறவையின் நிழலில்

1995இல் கீழவைத் தலைவர் நியூட் கிங்ரிச் கழகத்துக்கான நிதியை அடியோடு நிறுத்த முயன்றார். 2012 அக்டோபர் 3 அன்று நடைபெற்ற தேர்தல் வாதத்தில், பி.பி.எஸ். அமைப்பைச் சேர்ந்த நடுவர் ஜிம் லெரரை நோக்கியே, அவ்வமைப்புக்கான மானியத்தைத் தாம் நிறுத்தப்போவதாகவும், ஆனால் ‘பிக் பேர்ட்’ என்னும் மஞ்சள் நிறப் பறவையைத் தாம் விரும்புவதாகவும் மிட் ராம்னி கூறினார். உடனே நாடெங்கும் அப்பறவையைக் காப்போம் என்ற முழக்கம் எழுந்தது. படங்களும் நகைச்சுவைகளும் பெருகின.

‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 முதல் தலைமுறைகளை வளர்த்த பெருமையுடையது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நம் கருத்தன்று. ஆனால் அதனைத் தயாரிக்கும் நிறுவனம் தனியானது. பொம்மைகளின் உரிமத்தாலும் பிற வழிகளாலும் தன் வருவாயைத் தேடிக்கொள்வது. 2015இல் அதன் புதிய நிகழ்ச்சிகள் கட்டணத் தொலைக்காட்சி ஒன்றில் முதலில் வெளியாகி, மாதங்கள் கழித்தே பொதுத் தொலைக்காட்சிக்கு வரும் என ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அரசின் பணம் நின்றாலும் அப்பறவை பறக்கும் என எதிர்த்தரப்பார் அப்போது எளிதாகச் சொல்ல முடிந்தது. பறவையைக் கொடியாக உயர்த்தியவர்கள், தம் வழக்கின் வலிமையற்ற இடத்தைத் தாமே எதிரிக்குக் காட்டிக்கொடுத்தனர்.

ராஜர்ஸின் பாடலும் பறவையின் படமும் ஒரே வகையின என மேலோட்டமாகத் தோன்றலாம். இரண்டும் சிறுவர் உலகைச் சேர்ந்தவை. ஆனால் ராஜர்ஸ் தம் பாடலின் வாயிலாக ஒரு குழந்தையின் உள்ளத்தில் நிகழ்வதை விளக்கினார். பறவையின் படமோ பெரியவர்களுக்குத் தம் பிள்ளைப் பருவத்தின் மீதுள்ள ஏக்கத்தைத் தூண்டியது. ஏக்கத்தால் ஒரு கடிதம் எழுதுவிக்க முடியும். இப்பணம் நின்றால் எங்கே யாருக்கு என்ன நேரும் என்ற வினாவுக்கு அதனிடம் விடை இல்லை.

இரண்டு வாதங்களின் முரண்

2025 மார்ச் 26 அன்று கீழவையின் துணைக்குழுவொன்று என்.பி.ஆர்., பி.பி.எஸ். தலைவர்களை விசாரணைக்கு அழைத்தது. குற்றம் சாட்டியோர், வானொலித் தலைவர் முன்னாளில் எழுதிய குறிப்புகளைக் கிளறினர். காக்க முனைந்தோருள் ஒருவர், எல்மோ என்னும் பொம்மை பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினரா எனக் கிண்டலாக வினவினார். அவை சிரித்தது, செய்தித்தாள்கள் அதனை எடுத்துரைத்தன. அதே மேசையில் அமர்ந்து, தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கு வானொலி எத்துணை இன்றியமையாதது எனச் சான்று கூறிய அலாஸ்கா பொது ஊடகத் தலைவர் எட் உல்மனின் சொற்களோ அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஐம்பத்தாறு ஆண்டுகளில் அவையின் செவி எவ்வாறு மாறிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அவ்வாண்டு மே 1 அன்று குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப், மேற்கண்ட இரு அமைப்புகளுக்கும் பணம் தருவதை நிறுத்துமாறு கழகத்துக்கு ஆணை பிறப்பித்தார். ராஜர்ஸ் பேசிய அதே நாள், ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து. அதன்பின் வந்த நிதித் திரும்பப் பெறல் மசோதா, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த இரண்டாண்டுப் பணமான ஏறத்தாழ 110 கோடி டாலரையும் பறித்தது. முன்கூட்டியே ஒதுக்குவது என்ற 1975ஆம் ஆண்டின் வேலியும் இதனால் தாண்டப்பட்டது. ஜூலையில் செனட் சபை 51க்கு 48 என்ற கணக்கிலும், கீழவை 216க்கு 213 என்ற கணக்கிலும் ஏற்க, ஜூலை 24 அன்று மசோதா சட்டமாயிற்று.

இம்மாதங்களில் மக்களை எழுப்ப விடுக்கப்பெற்ற வேண்டுகோள்களில் இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்ப வந்தன. என்.பி.ஆர். வருவாயில் அரசு நேரடியாகத் தருவது ஏறத்தாழ ஒரு விழுக்காடே என்பது முதல் வாதம். பணம் நின்றால் நிலையங்கள் மூடப்படும் என்பது இரண்டாவது. இரண்டும் உண்மையே. ஆனால் ஒரே மூச்சில் கூறும்போது ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒரு விழுக்காடுதான் எனில் இழப்பில் என்ன கேடு எனக் கேட்போன் வினவுவான்.

உண்மை யாதெனில், கழகத்தின் பணத்தில் பெரும்பகுதி தலைநகரில் தங்குவதில்லை. பத்தில் ஏழு பங்குக்கும் மேல் ஏறத்தாழ 1,500 உள்ளூர் நிலையங்களுக்குச் சென்றது. பெருநகர நிலையத்துக்கு அது வருவாயில் ஒரு சிறு கூறு. செல்வர்கள் வாழும் ஊரில் நேயர்களின் நன்கொடை மிகுதி. மக்கள்தொகை அருகிய இடத்திலோ அதுவே வருவாயின் பாதி, சில இடங்களில் பாதிக்கும் மேல். ஆண்டொன்றுக்கு ஒதுக்கப்பட்ட 53.5 கோடி டாலரை மக்கள்தொகையால் வகுத்தால், தலைக்கு ஒன்றரை டாலருக்குச் சற்று மேல் வரும். பெரிய நிலையங்களை எடுத்துக்காட்டி முதல் வாதத்தையும், சிறியவற்றை எடுத்துக்காட்டி இரண்டாவதையும் கூறி, இரண்டும் வெவ்வேறு இடங்களுக்குரியவை என்று சொல்லாமல் விட்டது தலைமையாளர்களின் பிழை. வழக்கின் உயிர் இரண்டாவது வாதத்திலேயே இருந்தது. அதனை முன்னிறுத்தி, முதலாவதைக் கைவிட்டிருக்க வேண்டும்.

மற்றொன்றும் நேர்மையுடன் கூறத்தக்கது. 2024 ஏப்ரலில் என்.பி.ஆர். செய்தி ஆசிரியர் யூரி பெர்லினர், தம் நிறுவனம் ஒரு சார்பான சிந்தனைக்குள் ஒடுங்கிவிட்டதெனக் கட்டுரை எழுதினார். தலைநகரச் செய்திப் பிரிவில் ஆசிரியப் பொறுப்பினருள் 87 பேர் சனநாயகக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள், குடியரசுக் கட்சியினர் ஒருவரும் இலர் என்றார். அக்கணக்கைச் சக பணியாளர் சிலர் மறுத்தனர். அவர் அரசு நிதியை நிறுத்தக் கோரவில்லை. நிறுத்துவது தீர்வாகாது என்றே எழுதினார். ஆயினும் அவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட, அவர் பணியிலிருந்து விலகினார். வரிப்பணம் தரும் மக்களுள் ஒரு பகுதியினர், ‘இவ்வானொலி எம்மைப் பற்றிப் பேசுகிறது, எம்மோடு பேசவில்லை’ என உணர்ந்திருந்தால், அவ்வுணர்வு முழுவதும் நியாயமானதாக இல்லாவிடினும், அதற்குச் செவி சாய்ப்பதே பொது நிறுவனத்தின் கடமை. மக்களைத் திரட்டிய வேண்டுகோள்களுள் நாம் கண்டவை எவையும் இக்குறையை முகத்துக்கு நேர் எதிர்கொள்ளவில்லை. ஏற்கெனவே உடன்பட்டவர்களுக்கே எழுதப்பெற்ற எழுத்துகளாக அவை நின்றுவிட்டன.

ஆற்றங்கரை ஊர் ஒன்று

அலாஸ்காவின் மேற்குப் பகுதியில், கஸ்கோக்விம் ஆற்றின் கரையில் பெத்தல் என்ற சிற்றூர் உள்ளது. நாட்டின் ஏனைய பகுதிகளோடு அதனை இணைக்கும் சாலை இல்லை. 1971 முதல் கே.ஒய்.யு.கே. என்னும் பொது வானொலி நிலையம் அங்கிருந்து ஆங்கிலத்திலும், அம்மண்ணின் பூர்வகுடியினரான யூப்பிக் மக்களின் மொழியிலும் பேசி வருகிறது. முதியோர் கூறிய கதைகளும் வழக்காறுகளும் அதன் பெட்டகத்தில் ஒலிப்பதிவுகளாகக் காக்கப்பட்டுள்ளன. அந்நிலையத்தின் வருவாயில் பாதிக்கும் மேல் கழகத்தின் பணமாக இருந்தது. எந்த விளம்பரதாரரும் யூப்பிக் மொழியில் வானிலை அறிக்கை வாசிக்கப் பணம் தந்து கணக்கை நேர்செய்ய முடியாது. கேட்போரின் எண்ணிக்கை அதற்கு இடம் தராது.

2025 ஜூலை 16 அன்று, செனட் சபையில் மசோதா மீது விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, அலாஸ்காக் கடலோரத்தில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அம்மாநிலத்தின் செனட்டர் லிசா மர்க்கவ்ஸ்கி அதனைச் சுட்டிக்காட்டி, அவ்வெச்சரிக்கைகளை மக்களிடம் சேர்ப்பதில் பொது வானொலியின் பங்கை எடுத்துரைத்தார். தம் குடியரசுக் கட்சியின் நிலைக்கு மாறாக அவரும் மேய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸும் வாக்களித்தனர். தென் டகோட்டாவின் மைக் ரௌண்ட்ஸ், பூர்வகுடியினரின் நிலையங்களுக்கு வேறொரு நிதியிலிருந்து உதவப்படும் என ஆட்சியாளரிடம் உறுதி பெற்றபின் மசோதாவை ஆதரித்தார். வெட்டை ஆதரித்தவர்களுக்கும் சிறு நிலையங்களின் இன்றியமையாமை தெரிந்தே இருந்தது என்பதற்கு இது சான்று. வழக்கை அந்த இடத்திலிருந்து தொடங்கியிருந்தால் இன்னும் சில வாக்குகள் அசைந்திருக்கக் கூடும் என எண்ணாமல் இருக்க இயலவில்லை.

அதே அக்டோபரில் ‘ஹாலோங்’ சூறாவளியின் எச்சம் அப்பகுதியைத் தாக்கியது. கிப்நக், க்விகில்லிங்கொக் ஆகிய ஊர்களில் வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து, உள்ளே மக்கள் இருக்கும்போதே மிதந்து சென்றன. உயிரிழப்பும் நேர்ந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வான்வழியே வேற்றூர்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்நாட்களில் பெத்தல் வானொலி செய்திகளைத் தொடர்ந்து தந்து உறவுகளை இணைக்கும் நூலாக விளங்கியது. பணம் பறிக்கப்பட்டு மூன்று மாதங்கள் ஆகாத வேளை அது. கடலை நம்பி வாழும் நம் கரையோர மக்களுக்குப் புயல் இரவில் வானொலிக் குரலின் பொருளை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கழகமோ 2025 ஆகஸ்ட் 1 அன்று தன் பணியை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்து, செப்டம்பர் இறுதியில் பணியாளருள் பெரும்பாலோரை விடுவித்தது. 2026 ஜனவரியில் அதன் ஆட்சிக்குழு கழகத்தையே கலைத்துவிட முடிவு செய்தது. நிலையங்களுக்கு நேயர்களின் நன்கொடை பெருகியது உண்மை. நன்கொடை பெருகும் இடங்கள் நன்கொடையாளர் வாழும் இடங்கள் என்பதும் உண்மை.

எவ்வாறு கேட்பது?

இவ்வளவையும் கண்டபின், மக்களைத் திரட்டும் எழுத்து எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது ஓரளவு புலனாகிறது. காக்கப்பட வேண்டியதை அது பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். எந்த ஊர், எந்த மொழி, எந்த மணி நேரம், யார் கேட்கின்றனர் எனச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெருமையைவிட, அதனால் பயன்பெறும் எளியவரின் நிலையை முன்வைக்க வேண்டும். நிறுவனத்தின் குறையைப் பிறர் சொல்லுமுன் தானே சொல்லும் துணிவு வேண்டும். ஒரு முறை வெட்டைத் தடுத்ததோடு அமையாமல், ஆட்சி மாறினும் அசையாத ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். 1967இல் கைவிடப்பட்ட அந்தத் தனி நிதியத்தை அமெரிக்க மக்கள் அப்போதே விடாது கேட்டிருந்தால், 2025இல் மூன்று வாக்குகளின் இடைவெளியில் ஒரு பெரும் அமைப்பு சரிந்திருக்காது.

எதிர்த்தரப்பின் வினாவையும் நாம் தள்ளிவிடலாகாது. செய்தி நிறுவனம் அரசின் பணத்தைப் பெற்றால் அதன் நாவு கட்டுண்ணாதா? எண்ணற்ற அலைவரிசைகள் வந்துவிட்ட இக்காலத்தில் அரசு ஏன் கொடுக்க வேண்டும்? முதல் வினாவுக்கு விடை, நாவைக் கட்டாத வகையில் சட்டம் செய்ய இயலும் என்பதே. அத்தகைய சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் நன்றாகவே இயங்கியது. ஆனால் பணத்தை நிறுத்துவேன் என்ற அச்சுறுத்தலே ஒரு கட்டுத்தான் என்பதையும் மறைக்கலாகாது. நிலையான நிதியத்தைக் கேட்பதற்கு இதனினும் வலிய காரணம் வேறில்லை. இரண்டாவது வினாவுக்கு விடை பெத்தல் ஊரிலேயே உள்ளது. அலைவரிசைகள் எண்ணற்றவை, அவற்றுள் யூப்பிக் மொழியில் அவ்வாற்றங்கரையின் பனிப்படல நிலையைச் சொல்பவை எத்தனை? சந்தை தராததைத் தருவதற்கே பொதுப்பணம் என்ற கொள்கை, நூலகத்துக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் எவ்வாறு பொருந்துமோ அவ்வாறே வானொலிக்கும் பொருந்தும்.

ராஜர்ஸ் 2003இல் மறைந்தார். அவர் உரையை மீண்டும் மீண்டும் திரையிட்டுக் கண்ணீர் சிந்துவோர், அவர் செய்ததைச் செய்தாரில்லை. அவர் தம் நிகழ்ச்சியைப் பார்க்கும் ஒரு குழந்தையை அவைக்கு அழைத்து வந்தது போலப் பேசினார். 2025இல் அவ்விடத்தில் அழைத்து வரப்பட்டிருக்க வேண்டியவர், புயல் இரவில் வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து தம் தாய்மொழியில் எச்சரிக்கை கேட்கும் ஒரு யூப்பிக் முதியவள். அவளுக்காகப் பேசியோர் இருந்தனர். அவர்களுடைய குரல் பொம்மைகளின் ஆரவாரத்தில் அமிழ்ந்து போயிற்று. கழகம் மறைந்தாலும் அந்நிலையங்களுள் பல இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன; சட்டமன்றமும் தேர்தல்களும் இன்னும் உள்ளன. அந்நாட்டு மக்கள் மீண்டும் எழுவார்களாயின், பறவையின் படத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த முதியவளின் பெயரால் முதற் கடிதத்தைத் தொடங்கட்டும்.